ஏழாம் வகுப்பு அறிவியலுக்கு உப்புப் பார்த்தேன்

திங்கள்

இன்று மாலை வகுப்பில் மூன்று அறிவியல் பாடத்திட்டங்களைக் கொடுத்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்க இரண்டு வாரம் அவகாசம் தந்தார்கள். எனக்கு இரண்டு வாரம் போதாது. ஒரு சோப்பு வாங்கவே கடையில் கால் மணி நேரம் நிற்பவள் நான்.

யாருக்காகத் தேர்ந்தெடுக்கிறேன் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். என் தங்கை தாரிகாவுக்கு. வயது பன்னிரண்டு. அம்மா இறந்த பிறகு அவளுக்கு நான்தான் பாதுகாவலர் என்று காகிதம் இருக்கிறது. போன வருடம் பள்ளியில், அறிவியல் வகுப்பில், குழந்தைவேல் சார் அவளை இடது காதோடு சேர்த்து அறைந்தார். விழுந்தபோது பெஞ்சின் முனை பட்டு இரண்டு பற்கள் போயின. செவிப்பறை கிழிந்துவிட்டது. இடது பக்கம் இப்போது எதுவும் கேட்காது. சாரை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஆனாலும் பள்ளி வாசலுக்குக் கூட்டிப்போன மூன்று முறையும் தாரிகா வாந்தி எடுத்தாள். அதனால் வீட்டுக்கல்விக்கு அனுமதி வாங்கினேன். இன்னும் ஏழு வாரத்தில் அவளுக்குத் தகுதித் தேர்வு. அதில் அறிவியலில் தோற்றால் அனுமதி ரத்தாகும். அதே பள்ளி, அதே வாசல்.

பகலில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஆறு மணிக்கு மேல் இந்த வகுப்பு. வீட்டில் சொல்லிக்கொடுக்க விரும்புகிறவர்கள் இந்தச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். எங்கள் பிரிவில் ஆறு பேர்.

சகாயமேரி மிஸ் மேஜையில் தலையில் கட்டும் ஒரு பட்டையை எடுத்து வைத்தார். ரப்பர் பட்டை மாதிரி, உள்பக்கம் சில்லென்று இருந்தது.

"இதைக் கட்டிக்கிட்டா சினிமா மாதிரி தலைக்குள்ள ஓடுமுங்களா?" என்றார் ரங்கசாமி அண்ணன். ஆட்டோ ஓட்டுகிறவர். மகள் பிரகல்யாவுக்காக வருகிறார்.

"சினிமான்னா நீங்க பார்ப்பீங்க. இதுல நீங்களே செய்வீங்க. ஒரு வாத்தியார் பரிசோதனை செஞ்சு காட்டறப்ப அவர் கை, கண்ணு, மூளை எல்லாம் எப்படி இருந்துச்சோ, அதை அப்படியே பதிவு பண்ணியிருக்காங்க. கட்டிக்கிட்டு நாப்பது நிமிஷம் படுத்தா, நீங்களே செஞ்ச ஞாபகமா அது உள்ள இறங்கிரும்."

"அப்ப எம் பொண்ணு வாத்தியார் மாதிரி எங்களை அதட்டுவாளா?"

"இப்ப மட்டும் என்னங்ண்ணா?" என்று பின்னாலிருந்து செல்லாத்தா அக்கா சொல்ல, எல்லோரும் சிரித்தோம்.

பிறகு மிஸ் சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டேன். பெரியவர்களுக்கு அந்த ஞாபகம் பத்து நாளில் அழிந்துவிடும். பதினான்கு வயதுக்குக் கீழே இருந்தால் ஆயுளுக்கும் நிற்கும். எடுக்க முடியாது. ஆகவே பிள்ளைக்கு ஏற்றுமுன் பாதுகாவலர் ஒருமுறை ஏற்றிப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். வகுப்பில் இதற்கு 'உப்புப் பார்க்கிறது' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு திட்டத்துக்குப் பதினெட்டு பாடம். ஆறு பேரும் ஆளுக்கு மூன்றாகப் பங்கு போட்டுக்கொண்டு, படிவம் நிரப்பி, மற்றவர்களுக்குக் கொடுப்பது வழக்கம்.

மூன்று திட்டங்கள். கல்வி வாரியத்தின் பதிவு: கொடுத்த ஆசிரியர் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கொடுத்திருப்பார் போல, பிள்ளைகள் ஏற்றியதும் கொட்டாவி விடுகிறார்கள். நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர் தேறுகிறார்கள். வடக்கே எடுத்த பதிவு: பிள்ளைகளுக்கு அறிவியல் வருகிறது, ஆனால் இந்தியில் வருகிறது. மூன்றாவது 'சுடர்மதி': நம் பக்கத்து ஆசிரியர் ஒருவரே கொடுத்தது. பெயர் சொல்ல மாட்டார்கள், அது சட்டம். தேர்ச்சி தொண்ணூற்று மூன்று.

முதலில் சுடர்மதிக்கு உப்புப் பார்ப்பது என்று முடிவானது. எனக்கு வெப்பம், அமிலம், ஒலி.

செவ்வாய்

வெப்பம் ஏற்றினேன்.

எழுதத் தெரியவில்லை, முயற்சி செய்கிறேன். என் கை பெரியதாக இருந்தது. அந்தக் கை ஒரு செம்புக் கம்பியில் மெழுகுத் துளிகளை வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு குண்டூசியை ஒட்டியது. கம்பியின் ஒரு முனையைத் தீயில் காட்டியது. தீக்குப் பக்கத்து ஊசி முதலில் விழுந்தது. பிறகு அடுத்தது. ஒவ்வொரு ஊசியும் விழும் முன்பே அது விழப்போகும் நேரம் எனக்குத் தெரிந்தது. வெப்பம் கம்பிக்குள் நடந்து வருவதை என் விரலே உணர்ந்தது. நான் ஏழாம் வகுப்பில் இதைப் படித்து எழுதி மதிப்பெண் வாங்கியவள். இன்றுதான் புரிந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஒரே ஒரு இடம். கம்பியின் சூடான பக்கத்தை ஒரு சின்னக் கை தொட்டுவிட்டுச் சட்டென்று பின்வாங்கியது. அப்போது எனக்குள் ஒரு சிரிப்பு வந்தது. என் சிரிப்பு இல்லை. அரை நொடிகூட இருக்காது.

படிவத்தில் மூன்று கட்டங்கள்: தெளிவு, நினைவில் நிற்பது, உடல் பாதுகாப்பு. அந்தச் சிரிப்பை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று பத்து நிமிடம் யோசித்தேன். செக்கிங் டேபிளில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. வெளிப்பக்கம் பிசிறு இருந்தால் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிட வேண்டும். உள்தையலில் இருந்தால் பாஸ். யாரும் பனியனைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பதில்லை.

மூன்று கட்டத்திலும் ஐந்துக்கு ஐந்து போட்டேன்.

ஞாயிறு

அமிலமும் முடித்தேன். அதில் பிசிறு எதுவும் இல்லை, நானே திருப்திப்படும் அளவுக்கு நன்றாக இருந்தது. ஒலி மட்டும் பாக்கி.

ரங்கசாமி அண்ணனுக்குப் பொறுமை இல்லை. முடிந்த பாடங்களை இன்றே பிரகல்யாவுக்கு ஏற்றிவிட்டார். "உன் படிவத்தைப் பார்த்தேன் கண்ணு. நீ அஞ்சு போட்டா அது அஞ்சுதான். நீ எறும்பு முட்டையில ஓட்டை பார்க்கற ஆளு" என்று போனில் சொன்னார். வைத்த பிறகும் அந்த வார்த்தை எனக்கு இனித்தது. அதையும் எழுதிவைக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

புதன்

என் முன்பக்கப் பல் ஒன்று ஆடுகிறது. வலது புருவத்தில் நான்கு தையல். நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஆறேகாலுக்கு ரங்கசாமி அண்ணன் வகுப்புக்குள் வந்தார். சட்டையில் தீக்காயத்துக்குப் போடும் பர்னால் வாடை. யாரிடமும் பேசாமல் என் மேஜைக்கு வந்து, பின்னலைப் பிடித்து, என் முகத்தை மேஜையில் மோதினார். இரண்டு முறை. மூன்றாவது முறைக்குள் மிஸ்ஸும் செல்லாத்தா அக்காவும் அவர் கையைப் பிடித்துவிட்டார்கள்.

"விடுங்க என்னை! இவ பாஸ் போட்டதுங்க! இவதானுங்க பார்த்தது!"

"என்ன ஆச்சுன்னு சொல்லுங்க ரங்கசாமி."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "காலைல எம் பொண்டாட்டி தோசை ஊத்திட்டிருந்தா. இந்தப் புள்ள போயி அவ கையைப் பிடிச்சு கல்லு மேல வெச்சு அமுக்கிருச்சுங்க. அமுக்கிட்டு எண்ணுது. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுதுங்க மிஸ். அவ கத்தற கத்துல தெருவே ஓடியாந்துருச்சு. நான் இழுத்து எறிஞ்சேன். செவுத்துல போயி விழுந்துச்சு. எந்திரிச்சு நின்னு என்ன சொல்லுச்சு தெரியுங்களா? 'விரல் நுனியிலதாம்ப்பா முதல்ல தெரியும்'னுச்சு. சிரிச்சுக்கிட்டே."

என் ரத்தம் படிவங்களின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"இதை வெளிய எடுக்க முடியாதாமுங்க" என்றார். "ஆஸ்பத்திரில கேட்டுட்டேன். சாகற வரைக்கும் அது அவளுக்குள்ள இருக்குமாம்."

அவர் என்னை அடித்தது தப்பு என்று மிஸ் போலீசுக்குப் போன் செய்யப் போனார். வேண்டாம் என்றேன். பெருந்தன்மை எல்லாம் இல்லை. போலீஸ் கேட்டால் அந்த அரை நொடியைப் பற்றி நான் சொல்ல வேண்டியிருக்கும்.

வியாழன்

ஒலிப் பாடத்தை ஏற்ற வேண்டாம் என்று மிஸ் சொன்னார். ஏற்றினேன். இந்த முறை பனியனைத் திருப்பிப் பார்ப்பதற்காக.

முதல் முப்பது நிமிடம் அதே பெரிய கை. ஒரு கிண்ணத்தின் வாயில் பலூன் தோலை இழுத்துக் கட்டி, மேலே நாலு அரிசியைப் போட்டு, பக்கத்தில் தட்டைத் தட்டியது. அரிசி குதித்தது. 'நம்ம காதுக்குள்ளயும் இப்படி ஒரு தோல் இருக்கு' என்று அந்தத் தொண்டை சொன்னது. அந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறேன் என்று நினைத்த அதே நொடியில் வகுப்பறை மாறியது.

மேலேயிருந்து பார்க்கிறேன். ஒரு சின்னத் தலை. நேர் வகிடு. இரண்டு பின்னல். இடது பக்க ரிப்பன் தளர்ந்திருக்கிறது, ஏனென்றால் அன்று காலையில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் அவசரமாகக் கட்டினேன். "இன்னும் புரியல சார்" என்றது அந்தத் தலை. கை போனது. உள்ளங்கை குழிந்து போய் காதைச் சரியாக மூடியது. உள்ளே அடைபட்ட காற்று ஒரு சின்ன 'டப்'. அந்தச் சத்தம் கையில்தான் கேட்டது. கை முழுக்க ஒரு சுகமான எரிச்சல். அவள் பெஞ்சில் மோதி விழும் வரை அது இருந்தது.

அதோடு பாடம் மறுபடி அரிசிக்கு வந்துவிட்டது. அதிர்வு, அதிர்வெண், டெசிபெல்.

பட்டையைக் கழற்றிய பிறகு கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். தங்கை விழுந்ததை நினைத்தா, அந்தச் சுகத்தை நினைத்தா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வெள்ளி

கம்பெனிக்கு லீவு சொன்னேன். போன வருடம் சார் மேல் புகார் கொடுத்தபோது வாங்கிய முகவரி இருந்தது. ஊருக்கு வெளியே லைன் வீடு, கடைசிக் கதவு. பகல் பதினொரு மணி. குழந்தைவேல் சார் லுங்கி, பனியனோடு கதவைத் திறந்தார். போன வருடத்தைவிட ஒடுங்கியிருந்தார். என்னை உடனே தெரிந்துகொண்டார்.

"உள்ள வாம்மா. தாரிகா எப்படி இருக்கா?"

"சுடர்மதி நீங்கதானே?"

அவர் மறுக்கவில்லை. "வேலை போனப்புறம், இந்தப் பாடங்களைப் பதிவு பண்ற பதிவகத்துல கூப்பிட்டாங்க. பேர் வெளிய வராதுன்னாங்க. இருபத்தெட்டு வருஷம் அந்தப் பாடத்தை நடத்தியிருக்கேன்மா. இந்தக் கைக்கு அதைத் தவிர ஒண்ணும் தெரியாது."

"ஒலிப் பாடத்துல என் தங்கச்சி இருக்கா."

அவர் முகம் வெளுத்தது. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"கையையும் பேச்சையும் மட்டும்தான் எடுப்போம்னாங்க. ஆனா காதுன்னு வாயில வந்தா எனக்கு அவ ஞாபகம் வந்துருதும்மா. எப்பச் சொன்னாலும் வந்துரும். அன்னைக்குப் பதிவு பண்றப்பவும் வந்துச்சு. நான் அழுதுட்டேன். பட்டையைக் கழட்டுங்கன்னு கத்தினேன். அந்த அழுகையும் உள்ள இருக்குமே?"

"இல்லைங்க சார்."

"இருக்கணும்மா. ரொம்ப நேரம் அழுதேன்."

"வெட்டிட்டாங்க. அழுகை பாடம் இல்லையே. அறையை மட்டும் விட்டு வெச்சிருக்காங்க. அதனாலதான் பிள்ளைங்களுக்கு மறக்காம நிக்குது. அதனாலதான் தொண்ணூத்தி மூணு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். வருத்தப்பட்டிருக்கலாம். நான் பார்த்தது வகிடுதான். குனிந்திருந்த தலை, நான் நிற்கிறேன், அவர் உட்கார்ந்திருக்கிறார், சரியான உயரம்.

முதல் அடிக்கு நான் யோசிக்கவே இல்லை. கை தானாகக் குழிந்தது. எந்தக் கோணத்தில் போனால் காது முழுக்க மூடும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. 'டப்' என்று கையில் கேட்டது. அவர் கட்டிலிலிருந்து சரிந்தார். சட்டை இல்லாத தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி இரண்டாவது அடி அடித்தேன். மூன்றாவது அடியில் அவர் தலை சுவரில் மோதி, சுண்ணாம்பு உதிர்ந்தது. நான்காவதும் அடித்தேன். நான்காவதுக்கு எந்தக் காரணமும் இல்லை. அந்தச் சுகமான எரிச்சல் குறைந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அவர் கையை ஓங்கவோ தடுக்கவோ இல்லை. காதிலிருந்து ரத்தம் தாடை வழியாக வடிந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே, வகுப்பில் விடை சொன்ன மாணவியிடம் பேசுவது போலச் சொன்னார்:

"பாடம் உனக்கு நல்லா ஏறியிருக்கும்மா."

"நான் போலீசுக்குப் போகப் போறேன். பதிவகத்து மேலயும் புகார் கொடுக்கப் போறேன்" என்றேன்.

"என்னம்மா?" என்றார். தலையைத் திருப்பி மற்ற காதைக் காட்டினார். "இந்தப் பக்கம் வந்து சொல்லு."

நான் வெளியே ஓடிவந்துவிட்டேன்.

சனி

தாரிகாவிடம் மறைக்கவில்லை. மறைத்தால் அவள் என் கையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். உள்ளங்கை சிவந்து வீங்கியிருந்தது. அவளுடைய வலது பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பிரகல்யாவின் கதையையும் சொன்னேன். முடிந்ததும் தாரிகா கேட்டாள்:

"அந்த ஒலிப் பாடத்தை எனக்கும் ஏத்துவீங்களாக்கா?"

"என்ன பேசற நீ?"

"நான் விழுந்தது மட்டும்தான் எனக்குத் தெரியும். அவருக்கு எப்படி இருந்துச்சுன்னு தெரியாது. ஏன் அடிச்சாருன்னு தினமும் யோசிக்கறேன். அதுல இருக்குமில்ல?"

"அதுல ஏன்னு இல்ல கண்ணு. எப்படின்னு மட்டும்தான் இருக்கு."

"நீங்க அவரை அடிக்கறப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்றாள்.

சோறு குழைந்துவிடும் என்று சொல்லி எழுந்து போனேன்.

திங்கள்

வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன், என் அடிகள் உட்பட. ரங்கசாமி அண்ணன் வரவில்லை. பதிவகத்துக்கு மிஸ் காலையிலேயே பேசியிருந்தார். 'உடல் பாதுகாப்பு' என்ற கட்டத்தில் ஐந்துக்கு ஐந்து என்று பாதுகாவலரே கையெழுத்திட்ட படிவத்தின் நகல் எங்களிடம் இருக்கிறது என்றார்களாம். என் கையெழுத்து.

சுடர்மதியை எல்லோரும் கைவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

"வெப்பத்தையும் ஒலியையும் விட்டுட்டு மத்த பதினாறையும் ஏத்தினா?" என்றார் ஒருவர்.

"பதினாறுக்கு எழுபதுதான் வரும்னு போட்டிருக்கு."

செல்லாத்தா அக்கா என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நான் பதினெட்டையும் நேத்தே ஏத்திட்டேன் சாமி. நீ சொல்றது பொய்யின்னு சொல்லல. ஆனா ஒரு அறைதானே? நாமெல்லாம் வாங்காத அறையா? எம் பொண்ணு பாஸாகணும்."

"அவ வாங்கப் போறதில்லைங்க்கா. கொடுக்கப் போறா."

"வாங்கறதுக்கு அது தேவலாம்" என்றார் செல்லாத்தா அக்கா.

அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்திருந்தால் வெள்ளிக்கிழமையே அது எனக்கு உதவியிருக்கும்.

மிஸ்ஸிடமிருந்து என் படிவத்தை வாங்கி, நான்காவதாக ஒரு கட்டம் கோடு போட்டேன். தலைப்பு தெரியவில்லை. கட்டத்துக்குள் 'வேண்டாம்' என்று மட்டும் எழுதினேன். தாரிகாவுக்கு எந்தப் பதிவும் ஏற்றுவதில்லை, புத்தகத்தை வைத்து நானே சொல்லிக்கொடுக்கிறேன் என்று மிஸ்ஸிடம் சொன்னேன்.

"அஞ்சு வாரத்துலயா? நீயா?"

"ஆமாங்க மிஸ்."

"தோத்துட்டா அவளை அந்தப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பணும், தெரியுமில்ல?"

தெரியும்.

அடுத்த ஞாயிறு

ஒலிப் பாடம் ஏற்றிப் பத்து நாள் முடிந்தது. முறையாகச் சோதித்துப் பார்த்தேன். செம்புக் கம்பி: ஊசிகள் விழும் வரிசை புத்தகத்தில் படித்தது போலத்தான் நினைவிருக்கிறது. அமிலம்: இல்லை. அரிசி: குதித்தது என்று தெரியும், குதிப்பதைக் காண முடியவில்லை. மேலேயிருந்து பார்த்த வகிடு, தளர்ந்த ரிப்பன், அந்த வகுப்பறை: எதுவும் இல்லை. மிஸ் சொன்னது சரி. குழந்தைவேல் சாருடையது அனைத்தும் போய்விட்டது.

லைன் வீட்டுச் சுவர், உதிர்ந்த சுண்ணாம்பு, நான்கு அடிகள், உள்ளங்கையின் 'டப்', எல்லாம் அப்படியே இருக்கின்றன. அது பதிவு இல்லை. அழிவதற்குத் தேதி கிடையாது.

குழந்தைவேல் சார் இதுவரை என் மேல் புகார் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாராம். பதிவகத்தின் மேல் நான் கொடுத்த புகாருக்கு ஒரு எண் மட்டும் வந்திருக்கிறது.

திங்கள்

கம்பெனி முடிந்து வந்ததும் முதல் பாடம் தொடங்கினேன். நேற்று முழுவதும் தயார் செய்திருந்தேன். எட்டுப் பக்கக் குறிப்பு. அதில் மூன்று இடத்தில் தப்பு இருக்கலாம் என்று பென்சிலில் வட்டம் போட்டிருந்தேன். ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு கரண்டி, ஒரு கிண்ணம் எடுத்து வைத்தேன். எங்கள் இரண்டு நாற்காலிகளையும் அருகருகே போட்டேன், அவளுடைய வலது காது என் பக்கம் இருக்கும்படி.

தாரிகா புத்தகத்தோடு வந்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்ச் சுவரோரம் போட்டு, அதில் உட்கார்ந்தாள்.

"அவ்ளோ தள்ளி உட்கார்ந்தா உனக்குக் கேக்காதே கண்ணு."

"கேக்குங்க்கா."

"கிட்ட வா. கரண்டியைத் தட்டினா தட்டு அதிர்றதைத் தொட்டுப் பார்க்கணும்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கரண்டி பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

"பரவால்லக்கா. சத்தமாச் சொல்லுங்க. அங்கிருந்தே சொல்லுங்க."

அறையின் நீளம் பதினொரு அடி. என் கை எவ்வளவு தூரம் எட்டும் என்று நான் அளக்கவில்லை, அவள் அளந்திருந்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு, குரலை உயர்த்திப் பாடத்தை வாசிக்கத் தொடங்கினேன்.